ஊரில் நிற்கும் காரின் பேட்டரி: வயரைக் கழற்றுவதா, சார்ஜரில் போடுவதா, வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணச் சொல்வதா?

குமரி மாவட்டத்தில் ஓடும் கார்களைப் போலவே நிற்கும் கார்களும் நிறைய. வளைகுடாவில் வேலை பார்ப்பவர் ஒன்றரை மாத லீவில் வரும்போது மட்டும் ஓட்டுவார். கப்பலில் போகிறவர் ஆறு மாதமோ ஒன்பது மாதமோ கழித்து வருவார். பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கும் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் வந்தால் உண்டு. மற்ற நாளெல்லாம் கார் போர்ட்டிகோவிலோ, தோப்போரத் தகர ஷெட்டிலோ உறை போர்த்தி நிற்கும். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் இறங்கி டாக்சியில் வீடு வந்தவர், மறுநாள் காலையில் சாவியைத் திருகினால் ‘டக் டக்’ என்ற சத்தம்தான் வருகிறது. கல்யாண வீட்டுக்கும் டாக்சிதான்.

இதைத் தவிர்க்க ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வாரத்துக்கு மேல் நிற்கப்போகும் சாதாரண பெட்ரோல், டீசல் காருக்கு, முழு சார்ஜ் ஏற்றிவிட்டு நெகட்டிவ் வயரைக் கழற்றி வைப்பதுதான் நம் ஊர் நிலைமைக்குச் சரி. வீட்டில் விவரம் தெரிந்த ஆள் இருந்தால் ஆட்டோமேட்டிக் சார்ஜர் அதைவிட நல்லது. ஊரில் அதிகம் பேர் செய்வது வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது. இருப்பதிலேயே மோசமான வழி அதுதான்.

நிற்கிற காரில் பேட்டரி இரண்டு விதமாக இறங்கும். ஒன்று, கார் எடுக்கும் கரண்ட். சாவியை உருவிய பிறகும் அலாரம், ரிமோட் லாக், கடிகாரம், என்ஜின் கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். காருக்குக் கார் மாறும். 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை சகஜம். கேட்கும்போது சொற்பமாகத்தான் தெரியும். 30 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் மணி (பேட்டரி தேக்கும் கரண்டை அளக்கும் அலகு), மாதத்துக்குக் கிட்டத்தட்ட 22. சின்ன பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் இருப்பது 35 ஆம்பியர் மணி பேட்டரி. ஆக ஒரே மாதத்தில் பாதிக்கு மேல் காலி. டீசல் வண்டியில் 60, 70 ஆம்பியர் மணி இருக்கும் என்பதால் இன்னொரு மாதம் தாங்கும், அவ்வளவுதான். வாங்கிய பிறகு மாட்டிய ஜிபிஎஸ் டிராக்கரோ டேஷ்கேமோ இருந்தால் அந்தக் கணக்கும் சேரும். ஃபாஸ்டேக் ஸ்டிக்கரைச் சிலர் சந்தேகப்படுகிறார்கள். அது காரிலிருந்து கரண்ட் எடுப்பதே இல்லை.

இன்னொன்று, பேட்டரி தானாகவே இறங்குவது. எதனோடும் சேராமல் தனியாக வைத்தாலும் நல்ல பேட்டரி மாதத்துக்கு 3 முதல் 5 சதவீதம் வரை இறங்கும். பழசானால் இன்னும் கூடும். சூடு 10 டிகிரி ஏறினால் இது சுமார் இரண்டு மடங்காகும். நாகர்கோவில் பக்கம் வேலூர், திருச்சி போலக் கொளுத்துவதில்லை என்றாலும் ஏப்ரல், மே மாதத் தகர ஷெட்டின் உள்ளே சூடு வேறு. வெளிநாட்டு வீடியோக்களில் பனியைப் பற்றி எச்சரிப்பார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் பிரச்சினை சூடும், மழைக்கால ஈரமும், கடலோரம் என்றால் உப்புக்காற்றும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காரோடு சேர்ந்திருந்தால் மாதத்துக்கு 60 சதவீதம் போகும். பிரித்துவிட்டால் 5 சதவீதம். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, மற்ற உபாயமெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

ஒருமுறை இறங்கியதை ஏற்றிக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். உடனே ஏற்றினால் பரவாயில்லை. பேட்டரி இறங்கும்போது உள்ளே ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் படியும். புதிதாகப் படிந்தது சார்ஜ் ஏற்றினால் மறுபடி கரைந்துவிடும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அப்படியே விட்டால் அது கெட்டியாகிப் படிகமாகிவிடும். அதற்குப் பிறகு எந்த சார்ஜர் வைத்தாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. இறங்கிய நிலையிலேயே கிடப்பதுதான் பேட்டரியைக் கொல்கிறது.

அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். வண்டி ஓடியோ, சார்ஜ் போட்டோ சில மணி நேரம் ஆன பிறகு வைத்துப் பாருங்கள். 12.6, 12.7 வோல்ட் காட்டினால் முழுசு. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்தான் மிச்சம். 12.4-க்குக் கீழே இறங்க விடாமல் பார்த்துக்கொண்டால் பேட்டரி தப்பிக்கும். கீழே எந்த வழியை எடுத்தாலும் இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த வாராந்திர ஸ்டார்ட். சாவியைப் பக்கத்து வீட்டுப் பையனிடமோ தம்பியிடமோ கொடுத்துவிட்டுப் போவார்கள். அவனும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போய்வந்த கையோடு ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவான். வந்து பார்த்தால் பேட்டரி டவுன். “வாரம் தவறாம ஸ்டார்ட் பண்ணித்தான் போட்டேன் அண்ணே, எப்படி இறங்கிச்சுன்னு தெரியல” என்பான். அவன் சொல்வது உண்மைதான். அவன் மேல் குற்றமே இல்லை.

கணக்கு இதுதான். ஒரு வாரத்தில் கார் சும்மா நின்றே 5 ஆம்பியர் மணி எடுத்திருக்கும். செல்ஃப் அடிக்க எடுக்கும் கரண்ட் பெரிசுதான், 150, 200 ஆம்பியர்கூட வரும். ஆனால் ஓரிரண்டு விநாடிதான் என்பதால் மொத்தத்தில் 0.1 ஆம்பியர் மணி அளவுக்குள் முடிந்துவிடும். ஸ்டார்ட் செய்வதால் பேட்டரி இறங்குகிறது என்று பலர் நினைப்பது சரியில்லை. திரும்ப ஏற்றுவதில்தான் கோளாறு. ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும்போது, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், நம் மெக்கானிக்குகள் டைனமோ என்பார்களே அது, மெதுவாகச் சுற்றும். தரும் கரண்ட் குறைவு. அதிலும் ஒரு பங்கை ஃபியூல் பம்பு, இக்னிஷன், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் தின்றுவிடும். ஏசியையும் போட்டுவிட்டால் சொல்லவே வேண்டாம். பத்து நிமிடத்தில் பேட்டரிக்குள் போவது ஒன்றரை, இரண்டு ஆம்பியர் மணி இருந்தால் அதிகம். வாரத்துக்கு மூன்று குறைகிறது. இரண்டு மாதத்தில் என்ன மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

பேட்டரியோடு போனாலாவது பரவாயில்லை. என்ஜின் முழுசாகச் சூடாகாமலே அணைப்பதால், எரியும்போது உண்டாகும் தண்ணீர் ஆவியாகி வெளியேறாமல் சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கும். கருங்கல், திங்கள்சந்தைப் பக்கத்து ஜூன், ஜூலை மழை ஈரத்தில் சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடிக்க இது ஒரு காரணம். இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டோடு ஒட்டிய ஷெட்டில், கதவைச் சாத்திக்கொண்டு என்ஜினை ஓட விடவே கூடாது. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. உள்ளே வயதானவர்கள் படுத்திருக்கும் வீடுகளில் இது உயிர்ப் பிரச்சினை.

ஆள் இருக்கிறார், லைசென்ஸ் இருக்கிறது, நம்பிக் கொடுக்கலாம் என்றால் ஸ்டார்ட் பண்ணச் சொல்லாதீர்கள், ஓட்டச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம். நாகர்கோவில்காரர் என்றால் கன்னியாகுமரி வரை போய்த் திரும்பினால் நாற்பது கிலோமீட்டர்; மார்த்தாண்டம் என்றால் தேங்காய்ப்பட்டணம் கடற்கரை வரை போய் வரலாம். பேட்டரிக்கு மட்டுமில்லை, டயர், பிரேக், ஏசி எல்லாவற்றுக்கும் நல்லது. இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா, புகைச் சான்றிதழ் தேதி முடிந்துவிடவில்லையா என்று மட்டும் புறப்படும் முன் பார்த்துவிடுங்கள். முடிந்தவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது. ஆனால் வாராவாரம் ஒருவர் நம் காரை ஓட்டுவார் என்பது எத்தனை வீட்டில் நடக்கும்? முதல் மாதம் நடக்கும். அப்புறம் அவருக்கும் வேலை இருக்கிறதல்லவா.

ஆகவே நெகட்டிவைக் கழற்றுவது. செலவே இல்லை. பெரும்பாலான கார்களில் 10 எம்எம் ஸ்பானர் ஒன்று போதும். கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டு, சாவியை உருவி, ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். உள்ளே கம்ப்யூட்டர்கள் அடங்கட்டும். பானெட்டைத் திறந்து மைனஸ் குறி உள்ள முனையைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் கறுப்பு வயர் இருக்கும். நிறத்தைவிடக் குறியை நம்புங்கள். நெகட்டிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும். காரின் உடம்பு முழுக்க நெகட்டிவோடு சேர்ந்திருக்கிறது. பாசிட்டிவ் நட்டைத் திருகும்போது ஸ்பானரின் மறுமுனை தகட்டில் பட்டால் ஷார்ட் ஆகி நெருப்புப் பறக்கும். நெகட்டிவ் கழன்றபின் அந்தப் பயம் இல்லை. நட்டைத் தளர்த்தி, கிளாம்பை இடமும் வலமும் மெதுவாகத் திருகித் திருகி மேலே தூக்குங்கள். சுத்தியலால் தட்டவோ, ஸ்க்ரூடிரைவரால் நெம்பவோ வேண்டாம். சிக்னலில் என்ஜின் தானாக அணைந்து மறுபடி ஸ்டார்ட் ஆகும் ‘ஸ்டார்ட்-ஸ்டாப்’ கார்களில் அந்தக் கிளாம்பிலேயே பேட்டரி சார்ஜைக் கணக்கிடும் ஒரு சென்சார் இருக்கும், விலை கூடியது. கழற்றிய வயர் தானாக வளைந்து மறுபடி முனையில் போய் உட்காராதபடி பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி ஓரமாக ஒதுக்கிக் கட்டிவிடுங்கள்.

கழற்றிய கையோடு முனைகளைப் பாருங்கள். கொளச்சல், முட்டம், மணக்குடி போலக் கடலோர ஊர்களில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கும். ஆப்பச்சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகத் துடைத்து உலரவிட்டு வாசலின் தடவுங்கள். பேட்டரியின் மேல்புறத்தையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். உப்பும் அழுக்கும் ஈரமும் சேர்ந்தால் அதன் வழியாகவே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கரண்ட் கசியும்.

இதற்கு விலை கொஞ்சம் வசதிக்குறைவுதான். அலாரம் வேலை செய்யாது. ரிமோட்டில் பூட்ட முடியாது. சாவியால் கதவைப் பூட்ட வேண்டும். பட்டன் ஸ்டார்ட் கார்களில் ரிமோட்டுக்குள்ளேயே ஒரு சின்னச் சாவி ஒளிந்திருக்கும், அதை முன்கூட்டியே எடுத்து ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். சில கார்களில் டிக்கி கரண்டில்தான் திறக்கும். வேண்டிய பொருளை அதற்குள் வைத்துவிட்டுக் கழற்றாதீர்கள். பழைய மியூசிக் சிஸ்டம் சிலவற்றில் கோடு நம்பர் கேட்கும். மறுபடி மாட்டியதும் கடிகாரத்தைத் திருத்த வேண்டும், ஒரே அழுத்தில் ஏறி இறங்கும் கண்ணாடியை மறுபடி பழக்க வேண்டும், ஐடில் கொஞ்ச நேரம் ஏற்ற இறக்கமாக இருக்கலாம். அவ்வளவுதான். ஸ்பானர் பிடிக்கக் கூச்சமாக இருந்தால் முனையில் மாட்டும் திருகு கட்-ஆஃப் சுவிட்ச் கடையில் கிடைக்கிறது. மட்டமானதை வாங்காதீர்கள். தளர்ந்து சூடாகும்.

நாலைந்து மாதம் வரை இந்த வழி தாங்கும், ஒரு நிபந்தனையோடு: கழற்றும் நாளில் பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். லீவின் கடைசி வாரம் வடசேரிக்கும் கோட்டாறுக்கும் சந்தைக்குப் போய்வந்ததில் பேட்டரி முழுசாக ஏறியிருக்காது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் பேட்டரிக் கடையில் கொடுத்து ஸ்லோ சார்ஜ் போட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது மீட்டர் வைத்துப் பார்த்து, வேண்டுமானால் சார்ஜ் ஏற்றினால் இன்னும் உத்தமம்.

சார்ஜருக்கு வருவோம். பேட்டரியை எப்போதும் முழுசாகவே வைத்திருப்பது ஆட்டோமேட்டிக் சார்ஜர்தான். 14.4 வோல்ட் வரை ஏற்றி, நிறைந்ததும் 13.5 வோல்ட் சுற்றளவுக்குத் தானாக இறங்கி அப்படியே பிடித்துக்கொள்ளும். வயரைக் கழற்ற வேண்டாம், அலாரமும் கடிகாரமும் நிற்காது. இரண்டாயிரத்துச் சொச்சத்திலிருந்து கிடைக்கிறது. கரண்ட் செலவு மாதத்துக்குச் சில யூனிட். ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரை மட்டும் மாதக்கணக்கில் மாட்டி வைக்காதீர்கள். அதற்கு நிறுத்தத் தெரியாது. பேட்டரித் தண்ணீரைக் கொதிக்கவைத்து வற்றவிடும். வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது.

அப்படியானால் எல்லோரும் சார்ஜரே வாங்கலாமே? நம் ஊரில் இரண்டு விஷயம் இடிக்கிறது. முதலாவது கரண்ட் கட். தென்மேற்குப் பருவமழையில் ஒரு தென்னை ஓலை கம்பியில் விழுந்தால் போதும். சில சார்ஜர்கள் கரண்ட் போய் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சிலவற்றில் மறுபடி பட்டனை அழுத்தி மோடு தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும், சார்ஜ் ஏறாது. வாங்கும்போது மற்ற சிறப்பையெல்லாம் விட்டுவிட்டு இந்தக் கேள்வியை மட்டும் கேளுங்கள். வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டு, பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகிச் சோதியுங்கள். இரண்டாவது, ஐப்பசி, கார்த்திகை மாதத்துச் சாயங்கால இடி மின்னல். டிவி பிளக்கைப் பிடுங்கும் அம்மாவுக்கு ஷெட்டிலிருக்கும் சார்ஜர் நினைவுக்கு வராது. ஆளே இல்லாத பூட்டிய வீட்டில் மாதக்கணக்கில் பிளக்கில் ஒரு பொருளை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வராது.

சோலார் பேனல் கேட்க நன்றாக இருக்கும். ஷெட்டுக்குள் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வைத்தால் ஒன்றுமே வராது. பேனல் கூரைமேல் இருக்க வேண்டும், வயர் கீழே வர வேண்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வகை பல கார்களில் பயன்படாது, சாவியை அணைத்ததும் அந்தத் துளையின் இணைப்பே துண்டிக்கப்பட்டுவிடும். பேட்டரியில் நேராக மாட்டும் 10 வாட் பேனலும் கன்ட்ரோலரும் வெயில் காலத்தில் காரின் கசிவை ஈடுகட்டும். பிளக் இல்லாத தோப்பு ஷெட்டுக்கு மட்டும் யோசிக்கலாம்.

பேட்டரியையே கழற்றி வீட்டுக்குள் வைப்பது, நெகட்டிவைக் கழற்றுவதன் அடுத்த படி. தகர ஷெட்டின் சூட்டிலிருந்தும் உப்புக்காற்றிலிருந்தும் தப்பிக்கும். சார்ஜ் கடைக்குக் கொண்டுபோவதும் எளிது. சிமெண்டுத் தரையில் வைத்தால் இறங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்து மரப்பெட்டி, ரப்பர்பெட்டி பேட்டரிகளுக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரையால் ஒன்றும் ஆகாது. பிள்ளைகள் கை எட்டாத, காற்றோட்டமான, வெயில் படாத மூலையில் நிமிர்த்தி வையுங்கள்.

அப்படி வீட்டுக்குள் வந்த பேட்டரியை இன்வெர்ட்டரில் மாட்டினால் எப்போதும் சார்ஜிலேயே இருக்குமே என்று ஒரு யோசனை ஊரில் ஓடுகிறது. வேண்டாம். கார் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. ஒரு நொடியில் பெரிய கரண்ட் கொடுக்கச் செய்தவை. இன்வெர்ட்டருக்கு வரும் டியூபுலர் பேட்டரி மணிக்கணக்கில் இறங்கி ஏறச் செய்தது. நீண்ட கரண்ட் கட் சில தடவை வந்தாலே கார் பேட்டரி அடிவரை இறங்கி ஆயுள் முடிந்துவிடும்.

எதுவும் செய்யாமல் விட்டு, வரும்போது புதுசு வாங்கிக்கொள்வது? இரண்டு வருடம் வரப்போவதில்லை, பேட்டரிக்கும் நாலு வயசு ஆகிவிட்டது என்றால் இது நியாயமான முடிவு. போகும்போதே பழையதைக் கடையில் கொடுத்துவிடுங்கள். ஈயத்துக்கு விலை உண்டு. ஆனால் வாங்கி ஒரு வருடமே ஆன பேட்டரியை அப்படி விடுவது வீண். சின்னக் காருக்கே நாலாயிரம் ரூபாயைத் தாண்டும். வாரண்டியும் வாங்கிய தேதியிலிருந்துதான் ஓடும், கார் ஓடினாலும் நின்றாலும்.

ஆக, யாருக்கு எது? இரண்டு வாரம் மட்டும் நிற்கும், பேட்டரியும் புதுசு என்றால் சும்மா விடலாம். பண்டிகைக்குப் பண்டிகை வருகிறவர், ஊரில் அப்பா அம்மா மட்டும் இருக்கிறார்கள் என்றால் நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் போங்கள், வந்ததும் மாட்டிக்கொள்ளலாம். கப்பலில் போகிறவரும் அதையே செய்து, நடுவில் ஒருமுறை மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்து சார்ஜ் போடச் சொல்லுங்கள். வீட்டில் விவரமான தம்பியோ மனைவியோ இருந்து, போர்ட்டிகோவில் பிளக்கும் இருந்தால் சார்ஜர். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள காருக்கு, அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் ஏஜிஎம் அல்லது இஎஃப்பி வகை பேட்டரி இருக்கும், விலையும் கூட. அதற்குச் சார்ஜர் செலவு நிச்சயம் தகும். ஏஜிஎம் என்றால் அந்த மோடு உள்ள சார்ஜராகப் பார்த்து வாங்கி, நெகட்டிவ் கிளிப்பைப் பேட்டரி முனையில் மாட்டாமல் காரின் உலோக உடம்பில் மாட்டுங்கள். அப்போதுதான் சென்சார் கணக்கு தவறாது. மின்சாரக் காரிலும் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. அதைக் கழற்றும் முன் அந்தக் காரின் கையேட்டைப் பார்ப்பது கட்டாயம்.

திரும்பி வந்த நாளில் என்ன செய்கிறோம் என்பதிலும் பேட்டரியின் ஆயுள் இருக்கிறது. மாட்டும் முன் மீட்டர் வையுங்கள். 12.4 இருந்தால் மாட்டி ஓட்டலாம். 12-க்குக் கீழே என்றால் ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்து, ‘ஓடினால் ஏறிக்கொள்ளும்’ என்று கிளம்பாதீர்கள். முழுக்க இறங்கிய பேட்டரியை ஏற்ற ஆல்டர்னேட்டர் அதிக சுமையில் நீண்ட நேரம் ஓட வேண்டிவரும், சூடாகும். ஓரிரண்டு மணி நேர ஓட்டத்தில் பேட்டரியும் முழுசாக ஏறாது. கடையில் கொடுத்து ஒரு இரவு முழுக்க மெதுவாக ஏற்றி, சார்ஜிலிருந்து எடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அப்போதும் 12.4-க்கு மேல் நிற்கவில்லை என்றால், உறவினர் வீடுகளுக்குச் சுற்றக் கிளம்பும் முன்பே புதியதை மாட்டிவிடுங்கள்.